லீன் முறையும் பசுமை முறையும்: ஒரே விநியோகச் சங்கிலியில் சேரும் இடங்களும் மோதும் இடங்களும்

தொழில் கருத்தரங்குகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் ‘லீன்’, ‘பசுமை’ என்ற இரண்டு சொற்களும் இப்போது சேர்ந்தே ஒலிக்கின்றன. குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலை நடத்துபவர்களும், ரப்பர் வாங்கி விற்பவர்களும், மீன் ஏற்றுமதி செய்பவர்களும் கொள்முதல் நிறுவனங்கள் அனுப்பும் கேள்விப் படிவங்களில் இச்சொற்களைச் சந்திக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பேச்சில் புழங்கும் பொருள் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. லீன் என்றால் ஆட்களைக் குறைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். கிடங்கைக் காலியாக வைத்திருப்பது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். பசுமை என்றால் வாசலில் மரக்கன்று நடுவதும் துணிப்பை கொடுப்பதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வீணாவதைக் குறைத்தால் மாசும் தானாகவே குறைந்துவிடும், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை.

இரண்டும் ஒன்றல்ல. லீன் என்பது தொழிலில் வீணாவதைக் குறைக்கும் முறை, பசுமை என்பது சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டைக் குறைக்கும் முறை. பல இடங்களில் அவை ஒரே திசையில் செல்கின்றன, சில முக்கியமான இடங்களில் நேரெதிராக மோதுகின்றன. எங்கே சேரும், எங்கே மோதும் என்பதைத் தெரிந்துகொள்வதே இணைப்பின் முதல் வேலை. விநியோகச் சங்கிலி என்ற சொல்லையும் இங்கேயே விளக்கிவிடலாம்: ஒரு பொருளுக்கான மூலப்பொருள் விளையும் அல்லது கிடைக்கும் இடத்திலிருந்து, அது பயன்படுத்துபவரின் கைக்கு வந்து சேரும்வரை அதைத் தொடும் எல்லா நிறுவனங்களையும், கிடங்குகளையும், வண்டிகளையும், அவற்றுக்கிடையே போகும் தகவலையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறோம்.

சந்தைக்குப் போய்வரும் ஒரு குடும்பம்

நாகர்கோவிலில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் வடசேரி சந்தைக்கு மாதம் ஒரு முறை சென்று அரிசி, பருப்பு, காய்கறி, மரச்சீனி, நேந்திரம் பழம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துச் செலவு ஒரு தடவைதான். ஆனால் காய்கறியில் ஒரு பகுதி வாடிப்போகிறது, பழம் கறுத்துப்போகிறது, குளிர்சாதனப் பெட்டி எப்போதும் நிறைந்தே இருக்கிறது, அதன் பின்வரிசையில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. இதைக் கண்டு சலித்து, அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே வாங்குவது என்று குடும்பம் முடிவு செய்கிறது. இப்போது எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் மாதம் முழுவதும் நாள்தோறும் ஸ்கூட்டரில் போய்வர வேண்டும், அதற்கான பெட்ரோல் எரிகிறது, தினம் ஒரு பை வீட்டுக்கு வருகிறது.

முதல் வழக்கத்தில் பொருள் வீணாயிற்று. இரண்டாவதில் பொருள் மிஞ்சியது, பெட்ரோல் வீணாயிற்று. விவரமான வீட்டில் நடப்பது இந்த இரண்டுமல்ல. அரிசியும் பருப்பும் மாதத்துக்கு ஒரு தடவை வாங்கப்படுகின்றன, ஏனெனில் அவை கெடுவதில்லை. காய்கறி வாரம் இரண்டு முறை, வேலை முடிந்து திரும்பும் வழியிலேயே வாங்கப்படுகிறது, அதனால் தனிப் பயணம் இல்லை. மீன் தினமும் வருகிறது; ஆனால் வீட்டிலிருந்து யாரும் போவதில்லை, தெருத் தெருவாக மீன் கொண்டுவரும் அம்மாவிடமே வாங்கிக்கொள்கிறார்கள். அவர் ஒரே நடையில் பல வீடுகளுக்குப் புது மீனைக் கொடுத்துவிடுகிறார்.

லீன் முறையையும் பசுமை முறையையும் இணைப்பது என்பதன் உள்ளடக்கம் ஏறத்தாழ முழுவதும் இந்த மூன்றாவது வழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்புக்கேற்ற அளவு, தனிப் பயணத்துக்குப் பதில் சேர்ந்த பயணம், தேவையைப் பார்த்து வாங்குதல் ஆகிய மூன்றும் அதில் உண்டு. இனி வீட்டை விட்டுத் தொழிலுக்குச் செல்லலாம்.

லீன் முறை எதைக் குறைக்கிறது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்திடம் பணமும் குறைவு, இடமும் குறைவு, உள்நாட்டுச் சந்தையும் சிறியது. அமெரிக்க நிறுவனங்களைப்போல ஒரே மாதிரிக் கார்களை மலைபோலக் குவித்து விற்க அதனால் முடியவில்லை. அந்த நெருக்கடியிலிருந்து தாயிச்சி ஓனோ என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் 1940-களின் இறுதியிலிருந்து படிப்படியாக வளர்த்தெடுத்ததே டொயோட்டா உற்பத்தி முறை. 1988-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிராஃப்சிக் இதற்கு ‘லீன்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். கொழுப்பில்லாத, மெலிந்த, ஆனால் வலுவான உடல் என்பது அச்சொல்லின் பொருள்.

இம்முறையின் மையக் கேள்வி ஒன்றே: இந்த வேலைக்கு வாடிக்கையாளர் பணம் கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் அது மதிப்பு. இல்லையென்றால் அது வீண். ஓனோ வீணை ஏழாகப் பிரித்தார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்திருப்பது, தேவையில்லாமல் பொருளை இடம் மாற்றுவது, தேவைக்கு மேல் பதப்படுத்துவது, தேவைக்கு மேல் இருப்பு வைப்பது, வேலை செய்பவர் தேவையில்லாமல் நடப்பதும் குனிவதும், குறையுள்ள பொருளைச் செய்வது ஆகியவையே அவை. இவற்றில் முதலாவதை அவர் மிக மோசமானதாகக் கருதினார். காரணம், தேவைக்கு மேல் செய்துவிட்டால் மற்ற வீண்கள் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் பரவியுள்ள முந்திரி ஆலை ஒன்றை, அதாவது நம் ஊர் வழக்கில் ஓர் அண்டி ஆபீஸை, இந்தக் கண்ணோடு பார்ப்போம். மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பச்சை அண்டி, அதாவது ஓடு நீக்காத முந்திரிக்கொட்டை, களத்தில் உலர்த்தப்பட்டு மூட்டைகளில் அடுக்கப்படுகிறது. பிறகு வறுக்கப்படுகிறது அல்லது நீராவியில் வேகவைக்கப்படுகிறது, ஓடு உடைக்கப்படுகிறது, பருப்பு போர்மா என்னும் சூட்டறையில் காயவைக்கப்படுகிறது, தோல் உரிக்கப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, கடைசியில் காற்று நீக்கிப் பொதியப்படுகிறது. தரத்தின் பெயரிலுள்ள எண் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு இருக்கலாம் என்பதற்கான உச்ச வரம்பைக் காட்டுகிறது. 240 என்ற தரம் 320 என்ற தரத்தைவிடப் பெரிய பருப்பு, அதனால் விலையும் அதிகம்.

இந்த வரிசையில் உடைக்கும் பகுதி வேகமாகவும் தோல் உரிக்கும் பகுதி மெதுவாகவும் இருந்தால் நடுவில் பருப்பு குவியும். குவிந்த பருப்பு ஈரம் பிடிக்கும், மறுபடியும் சூட்டறைக்குப் போகும், அதிகம் காய்ந்தால் உரிக்கும்போது உடையும். மேலோட்டமாகப் பார்ப்பவர் உரிக்கும் பெண்களை இன்னும் வேகமாகச் செய்யச் சொல்வார். லீன் முறை அப்படிச் சொல்வதில்லை. உரிக்கும் பகுதி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டுமே உடைக்கும் பகுதி அனுப்பட்டும் என்கிறது. இதற்கு இழுவை முறை என்று பெயர்: பின்னால் இருக்கும் கட்டம் கேட்டால்தான் முன்னால் இருக்கும் கட்டம் செய்யும். கேட்பதற்கு டொயோட்டாவில் ‘கான்பான்’ என்ற சிறிய அட்டையைப் பயன்படுத்தினார்கள். காலித் தட்டு திரும்பி வருவதே இங்கே போதுமான அடையாளம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும் தன்மையுடையது. ஓடு உடைப்பவர்களின் விரல்கள் அதனால் கறுத்துப் புண்ணாகின்றன. லீன் என்ற பெயரில் இவர்களுடைய இடைவேளையைக் குறைப்பதும் இலக்கை உயர்த்துவதும் அந்த முறைக்கே எதிரானவை. டொயோட்டாவில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும்; அந்த அதிகாரம் அவர் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் வேகத்தை மட்டும் கேட்பவர் லீன் முறையைப் பின்பற்றுவதாகச் சொல்ல முடியாது.

சுருக்கமாக, லீன் முறை வாடிக்கையாளர் பணம் கொடுக்காத வேலையை வீண் என்கிறது. பொருள் தேங்காமல் ஓட வேண்டும், கேட்டபின் செய்ய வேண்டும் என்பதே அதன் வழி. அதன் பார்வை நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

பசுமை முறை பார்க்கும் கணக்கு

நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவுகளும் உண்டு. ஆலையின் புகை அடுத்த தெருவின் காற்றில் கலக்கிறது. அமிலக் கழிவுநீர் ஓடையில் இறங்குகிறது. கப்பலின் எரிபொருள் கார்பன் டை ஆக்சைடாக வானில் சேர்கிறது. இவற்றுக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. பசுமை விநியோகச் சங்கிலி என்பது இந்த எழுதப்படாத செலவுகளையும் எழுதி, அவற்றைக் குறைக்கும்படி கொள்முதல், உற்பத்தி, பொதிதல், போக்குவரத்து, பயன்பாட்டுக்குப் பின் திரும்பப் பெறுதல் ஆகிய எல்லாவற்றையும் அமைப்பது.

புவியை வெப்பமாக்கும் வாயுக்களைக் கணக்கிட உலகெங்கும் மூன்று வகைப் பிரிப்பு பயன்படுகிறது. நிறுவனம் தன் அடுப்பிலும் தன் வண்டியிலும் நேரடியாக எரிப்பது முதல் வகை. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ எரிக்கப்படுவது இரண்டாம் வகை. பொருளை விளைவித்தவர், ஏற்றி வந்தவர், விற்றவர், பயன்படுத்தியவர், எறிந்தவர் ஆகிய எல்லாருடைய பங்கும் மூன்றாம் வகை. பெரும்பாலான தொழில்களில் இந்த மூன்றாம் வகையே மிகப் பெரியது. அதனால்தான் விநியோகச் சங்கிலியைத் தொடாமல் ஆலைக் கூரையில் சூரியத் தகடு பதிப்பதோடு நின்றுவிடுவது குறைபட்ட பசுமையாகிறது.

முந்திரியிலேயே இதைக் காணலாம். 80 கிலோ பச்சை அண்டி மூட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ அளவில்தான் பருப்பு கிடைக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஓடு. அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வரை கடலிலும், அங்கிருந்து ஆரல்வாய்மொழி வழியாகச் சாலையிலும் நாம் ஏற்றி வருவதில் பெரும் எடை ஓடுதான். அந்த ஓட்டை அப்படியே அடுப்பில் எரித்தால் கண்ணை எரிக்கும் கரும்புகை எழும். அதே ஓட்டைப் பிழிந்து எண்ணெய் எடுத்தால், அது பிரேக் பட்டைகளுக்கும் பெயிண்ட், பிசின் வகைகளுக்கும் மூலப்பொருளாகிறது. பிழிந்த சக்கை எரிபொருளாகிறது. ஓடு கழிவாவதும் சரக்காவதும் அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

பசுமை முறைக்குள்ளேயே எளிதில் தீராத கேள்விகள் உண்டு. பருப்பு முன்பு தகர டின்களில் அனுப்பப்பட்டது. இப்போது காற்று நீக்கிய பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகளே வழக்கம். டின்னை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம், ஆனால் கனம் அதிகம். பை இலேசானது, ஆனால் அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்கு ஏற்றதல்ல. பையைத் தவிர்த்துச் சாதாரணக் காகிதத்தில் பொதிந்தால் பருப்பு சிக்கடித்துப்போகும். அப்போது அதை விளைவிக்கவும் ஏற்றிவரவும் வறுக்கவும் ஆன எல்லாமே வீண். உணவுப் பொருளைப் பொறுத்தவரை, பொதியைக் குறைப்பதற்கு முன் உள்ளே இருப்பது கெடாமல் காப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டும் கைகோக்கும் இடங்கள்

ஓனோவின் ஏழு வீண்களில் பலவற்றுக்குப் பின்னால் எரிபொருளும் நீரும் மூலப்பொருளும் இருக்கின்றன. குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ இறங்கும் மீனை எடுத்துக்கொள்வோம். வெப்பமான நம் பகுதியில் மீனின் எடைக்கு ஏறத்தாழச் சம எடை ஐஸ் போடுவது வழக்கமான பரிந்துரை. ஏலம் தாமதமாகி, வண்டி தாமதமாகி, ஆலை வாசலில் மறுபடியும் காத்திருக்க நேர்ந்தால் ஐஸ் கரைகிறது, புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. ஐஸ் என்பது உறைந்த மின்சாரமும் நல்ல தண்ணீரும்தான். காத்திருப்பதைக் குறைக்கும் லீன் நடவடிக்கை இங்கே அப்படியே பசுமை நடவடிக்கையும் ஆகிறது. மீனும் தரத்தோடு இருக்கிறது.

குறையுள்ள பொருளும் அப்படித்தான். ஓர் ஆலையில் 100 கிலோ பருப்பில் 60 கிலோ முழுப் பருப்பும், இன்னோர் ஆலையில் 75 கிலோ முழுப் பருப்பும் கிடைக்கின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 300 கிலோ முழுப் பருப்பு கேட்டு ஆர்டர் வந்தால் முதல் ஆலை 500 கிலோ பருப்பு எடுக்க வேண்டும், இரண்டாவது 400 கிலோ எடுத்தால் போதும். மூட்டைக்கு 20 கிலோ என்ற கணக்கில் ஐந்து மூட்டை, அதாவது 400 கிலோ பச்சை அண்டி மிச்சம். உடைந்த பருப்பும் இனிப்புக் கடைகளுக்கு விற்பனையாகும் என்பதால் அது முழு நட்டமல்ல. ஆனால் முழுப் பருப்புக்காகக் கடல் கடந்து வரவழைக்கப்பட்ட சரக்கு அது. உடையாமல் எடுக்கும் திறமைமிக்க தொழிலாளியின் விரல்கள், கப்பலில் வரும் எடையையே குறைக்கின்றன. இத்திறமைக்குக் கூலி கூட்டிக் கொடுப்பது லீன் முறைக்கும் பசுமை முறைக்கும் பொருந்திய செலவு.

ரப்பரில் படம் சற்றுச் சிக்கலாகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். அதை அப்படியே தொலைதூர ஆலைக்கு ஏற்றினால் நீரைச் சுமந்து செல்ல டீசல் எரிக்கிறோம். தோட்டத்துக்கு அருகிலேயே சுழற்றிப் பிரித்து 60 சதவீத அடர்த்திக்குக் கொண்டுவந்தால் ஏற்ற வேண்டிய எடை ஏறக்குறையப் பாதியாகும். இது தெளிவான லீன் ஆதாயம். ஆனால் பிரித்தபின் மிஞ்சும் மெல்லிய பாலிலிருந்து ரப்பரை எடுக்க அமிலம் சேர்க்க வேண்டும். அந்தக் கழிவுநீர் இப்போது தோட்டத்துக்கு அருகிலுள்ள ஓடையின் பக்கம் வந்துவிடுகிறது. சுத்திகரிப்பு அமைப்போடு சேர்த்து நிறுவினால்தான் இது இரு கணக்கிலும் இலாபம். இல்லையென்றால் டீசல் புகையைக் கொடுத்து ஓடையின் மாசை வாங்கிக்கொண்டதாகவே முடியும்.

சாட்டை விளைவு

தேவைக்கு மேல் உற்பத்தி எப்படி உருவாகிறது என்பதற்குச் சாட்டை விளைவு என்ற விளக்கம் உண்டு. சாட்டையின் பிடியில் கை சற்றே அசைந்தால் நுனி பெரிதாக வீசும் என்பதால் இப்பெயர். இதன் அடிப்படையை 1961-ல் ஜே ஃபாரஸ்டர் என்ற அறிஞர் விளக்கினார்.

ஓணத்தை ஒட்டி ஒரு கடையில் முந்திரிப் பருப்பின் விற்பனை 100 கிலோவிலிருந்து 110 கிலோவாக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுப்பாடு வருமோ என்று கடைக்காரர் 120 கிலோ கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து 140 கேட்கிறார். ஆலை 170-க்குத் திட்டமிடுகிறது. இறக்குமதியாளர் 200-க்கான அண்டியை வரவழைக்கிறார். உண்மையில் மக்கள் கூடுதலாகத் தின்றது 10 கிலோதான். பண்டிகை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆர்டரை நிறுத்துகிறார்கள். கிடங்கில் சரக்கு தேங்குகிறது, ஆலையில் பெண்களுக்கு வேலை இல்லாமற்போகிறது. இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் தமக்கு அடுத்திருப்பவரின் ஆர்டர் மட்டுமே தெரிந்தது, கடைசி வாடிக்கையாளர் வாங்கியது தெரியவில்லை.

கடையின் தினசரி விற்பனை எண் சங்கிலி முழுவதும் பகிரப்பட்டால் இந்த வீச்சு பெருமளவு அடங்கும். இதற்கு வேண்டியது புது இயந்திரம் அல்ல. கைப்பேசியில் அனுப்பும் ஓர் எண்ணும், அதை மறைக்காமல் பகிரும் நம்பிக்கையும் போதும். லீன் முறையையும் பசுமை முறையையும் ஒருசேர முன்னேற்றும் நடவடிக்கைகளில் இதைவிடச் செலவு குறைந்தது இல்லை என்றே நினைக்கிறேன்.

இதுவரை பார்த்ததில், காத்திருப்பு, குறை, மிகை உற்பத்தி ஆகிய வீண்களைக் குறைத்தால் பெரும்பாலும் மாசும் குறைகிறது. ரப்பர்ப்பால் எடுத்துக்காட்டு போல, வீண் குறைந்து மாசு இடம் மாறுவதும் உண்டு.

இரண்டும் மோதும் இடங்கள்

மோதலின் மையம் போக்குவரத்து. இருப்பைக் குறைக்க விரும்பும் நிறுவனம் சரக்கைச் சிறிது சிறிதாக, அடிக்கடி அனுப்பச் சொல்கிறது. 9 டன் சரக்கை 100 கிலோமீட்டர் கொண்டு செல்ல வேண்டும் என்று கொள்வோம். ஒரே லாரியில் ஏற்றினால், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்ற கணக்கில் 20 லிட்டர் டீசல் ஆகும். அதையே ஒன்றரை டன் ஏற்றும் சிறிய வண்டியில் ஆறு நாள் அனுப்பினால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினாலும் மொத்தம் 60 லிட்டர் ஆகும். கிடங்கு காலியாகத் தெரியும், கணக்கில் முடங்கிய பணம் குறைந்திருக்கும். எரிந்த டீசல் மூன்று மடங்கு. தாமதத்தை ஈடுசெய்யக் கடல் வழியில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றிவிட்டால் சேதம் இன்னும் பல மடங்கு பெருகும்.

பலர் இங்கே ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே தடவையில் செய்யும் அளவு வேறு, ஒரே தடவையில் ஏற்றும் அளவு வேறு. சிறு அளவுகளில் பல வகைகளை மாற்றி மாற்றிச் செய்வதுதான் லீன் முறையின் சாரம். அதைச் சிறு வண்டிகளில் தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் செய்த ஐந்து வகைப் பொருள்களை ஒரே லாரியில் கலந்து ஏற்றலாம். ஒரே வழியிலுள்ள பல ஆலைகளிலிருந்து ஒரே வண்டி சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு போகலாம். பால் சேகரிக்கும் வண்டி வீடு வீடாக நின்று செல்வது போன்றது என்பதால் இதைப் பால்வண்டிச் சுற்று என்கிறார்கள். டொயோட்டா போன்ற கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களை இப்படித்தான் சேகரிக்கின்றன. கருங்கல், மார்த்தாண்டம், கொல்லங்கோடு வழியில் தனித்தனியாகப் பாதி காலியாக ஓடும் வண்டிகள் இப்படி ஒன்று சேர்ந்தால், போட்டியாளர்களின் சரக்கே ஒரே கூரையின் கீழ் போக வேண்டியிருக்கும். அதற்கான தடை தொழில்நுட்பத்தில் இல்லை, தயக்கத்தில் இருக்கிறது.

இயற்கையின் நாட்காட்டி

இழுவை முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆலையின் கட்டங்களுக்குள் கேட்டபின் செய்யலாம்; மரமும் கடலும் கேட்டபின் கொடுப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அண்டி ஏறத்தாழப் பிப்ரவரி முதல் ஜூன் வரையிலும், தான்சானியா பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் ஆலை ஓட வேண்டுமானால் பருவத்தில் வாங்கி இருப்பு வைத்தே தீர வேண்டும். இந்த இருப்பை வீண் என்று எழுதிவிட்டு அதைக் குறைக்க முயல்வது பொருளற்றது. அதை நன்றாக உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல், பூச்சி விழாமல் காப்பதே இங்கே லீன்.

மீனில் இந்த நாட்காட்டி சட்டமாகவே இருக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரு கடற்கரையும் உண்டு: சின்னமுட்டம் கிழக்கு அட்டவணையிலும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்கு அட்டவணையிலும் வருகின்றன. மீன் வாங்கும் ஆலையும் ஐஸ் ஆலையும் தங்கள் ஆண்டுத் திட்டத்தை இந்தத் தேதிகளோடு பொருத்திக்கொள்ள வேண்டும். கடைசி வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகக் கடலை அவசரப்படுத்த முடியாது.

பேரிடருக்கான இருப்பும் வீண் அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பர் மரங்களும் வாழைகளும் ஏராளமாகச் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, பல நாட்கள் மின்சாரம் இல்லை. ரப்பர்க் கன்று வளர்ந்து பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரே பகுதியின் பாலை மட்டும் நம்பி, கையிருப்பே இல்லாமல் ஓடும் சங்கிலி இப்படிப்பட்ட நாளில் அறுந்துவிடும். லீன் முறைக்கு முன்னோடியான டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்குப் பின், எளிதில் கிடைக்காத மின்னணுச் சில்லுகளைப் பல மாதத் தேவைக்கு இருப்பு வைக்கும்படி தன் விநியோகத்தாரர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்தப் பகுதிகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: சிறிதாகச் செய்வதும் சிறிதாக ஏற்றுவதும் வேறு வேறு, பருவத்துக்கான இருப்பும் பேரிடருக்கான இருப்பும் வீண் கணக்கில் சேராது.

ஒரே தாளில் இரண்டு கணக்கு

லீன் முறையில் மதிப்போட்ட வரைபடம் என்ற கருவி உண்டு. ஒரு பொருள் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரையுள்ள எல்லாக் கட்டங்களையும் ஒரு தாளில் வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் வேலை நடந்த நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் எழுதுவார்கள். பெரும்பாலான ஆலைகளில் காத்திருந்த நேரம் வேலை நேரத்தைவிடப் பல மடங்காக இருப்பதைப் பார்த்து உரிமையாளர்களே திகைப்பார்கள். பசுமையை இணைப்பதற்குச் செய்ய வேண்டியது, அதே தாளில் நேரத்தின் கீழே இன்னொரு வரியைச் சேர்ப்பது: அந்தக் கட்டத்தில் எரிந்த விறகு எத்தனை கிலோ, மின்சாரம் எத்தனை யூனிட், தண்ணீர் எத்தனை லிட்டர், வெளியேறிய கழிவு எத்தனை கிலோ.

இரண்டு வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். நேரமும் எரிபொருளும் ஒருசேர அதிகமாக இருக்கும் கட்டத்தில் முதலில் கை வைக்க வேண்டும். அங்கே எந்த முரண்பாடும் இல்லை. நேரம் குறைவாகவும் மாசு அதிகமாகவும் இருக்கும் கட்டம், லீன் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் கட்டம். பச்சை ஓட்டை எரிக்கும் அடுப்பு பெரும்பாலும் இதில் அடங்கும். நேரம் அதிகமாகவும் மாசு குறைவாகவும் இருக்கும் கட்டம், வெயிலில் உலர்த்துவது போன்றது. அவசரப்பட்டு அதை மின்சார உலர்த்திக்கு மாற்றுவதற்கு முன், தாமதத்தால் உண்மையில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்க வேண்டும். யோசித்து, பேசி முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இந்தக் கடைசி இரண்டும்தான்.

செலவு யார் தலையில் விழுகிறது

பெரிய நிறுவனங்கள் இப்போது இக்கணக்கைக் கேட்பதற்குச் சட்டக் காரணங்கள் உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய காடழிப்புத் தடை விதிமுறையின் பட்டியலில் ரப்பரும் இருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்தது அல்ல என்பதைத் தோட்டத்தின் புவி அமைவிடத்தோடு காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதன் அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டாலும், பல தோட்டத்து ரப்பர் ஷீட்டையும் பாலையும் ஒன்றாகக் கலந்து வாங்கும் நம் வழக்கம் இதனால் கேள்விக்குள்ளாகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது.

இவ்விதிகளின் பளு சங்கிலியின் கடைசிக் கண்ணியான சிறு ஆலையின் மீதும் சிறு தோட்டக்காரரின் மீதும் இறங்குகிறது. விலையைக் குறைக்கச் சொல்லி, தினமும் சிறு அளவாக அனுப்பச் சொல்லி, அதன் பின் கார்பன் கணக்கையும் கேட்கும் கொள்முதல் நிறுவனம், உண்மையில் தன் கிடங்கின் செலவையும் தன் மாசையும் அடுத்தவரின் வாசலில் இறக்கி வைக்கிறது. சங்கிலி முழுவதையும் ஒரே தாளில் வரைந்தால் இது மறையாது. ஆர்டரை வாரக் கணக்கில் முன்கூட்டியே உறுதி செய்வதும், முழு லாரி அளவில் எடுத்துக்கொள்வதும், சுத்திகரிப்பு அமைப்பின் செலவில் பங்கேற்பதும் கொள்முதல் செய்பவரின் பங்கு என்று சிறு ஆலைகள் ஒன்று சேர்ந்து கேட்கலாம், கேட்க வேண்டும்.

தனி ஆலையின் அளவில் தொடங்க விரும்புபவருக்கு ஆலோசகரும் மென்பொருளும் முதல் நாளிலேயே தேவையில்லை. அதிகம் விற்கும் ஒரே ஒரு தரத்தைத் தேர்ந்துகொண்டு, பச்சை அண்டி மூட்டை வாசலில் இறங்கும் தேதியையும் பொதிந்த பருப்பு வெளியேறும் தேதியையும் எழுதி வைக்கலாம். மூட்டைக்கு எத்தனை கிலோ முழுப் பருப்பு கிடைத்தது, வறுக்கவும் காயவைக்கவும் எவ்வளவு விறகும் மின்சாரமும் ஆயின, ஓடு எங்கே போயிற்று, வண்டி எவ்வளவு நிறைந்து புறப்பட்டது ஆகியவற்றை அதே நோட்டில் அடுத்தடுத்த பத்திகளில் குறிக்கலாம். உடைக்கும், உரிக்கும் பெண்களிடம் எங்கே பருப்பு தேங்குகிறது, எங்கே உடைகிறது என்று கேட்டு அதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், ஏனெனில் அளவுகோலுக்கு அகப்படாத பல விவரங்கள் அவர்களிடமே இருக்கின்றன. ஒரு பருவம் முழுவதும் இப்படி எழுதிய நோட்டு கையில் இருந்தால், அடுத்த பருவத்துக்கு எத்தனை மூட்டை வாங்குவது, சூட்டறையை மாற்றுவதா அல்லது ஓட்டெண்ணெய் பிழிபவரோடு ஒப்பந்தம் செய்வதா என்பதை ஊகத்தால் அல்லாமல் எண்களைக் கொண்டு முடிவு செய்யலாம்.